உலக சாம்பியன்தான்... ஆனா ஒலிம்பிக்ல இடமில்லை! சென்னை ஸ்கேட்டர் ஆனந்த்குமாருக்கு எது தடை?

சீனாவின் பெய்டைஹே நகரில் 2025 செப்டம்பரில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பில், தமிழ்நாட்டைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 2 தங்கம், 1 வெண்கலம் வென்றிருக்கிறார். இந்தப் போட்டியின் சீனியர் பிரிவில் இந்தியாவுக்கு இதற்கு முன் ஒரு தங்கம்கூட கிடைத்ததில்லை. பிரதமர் முதல் பலரும் வாழ்த்திவிட்டார்கள்.

2026 பிப்ரவரியில் இத்தாலியில் குளிர்கால ஒலிம்பிக். அதில் ஸ்பீடு ஸ்கேட்டிங் இருக்கு. 2028-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் வரப்போகுது. ஆனால், உலக சாம்பியனான ஆனந்த்குமாரின் போட்டிக்கு இந்த இரண்டிலுமே இடமில்லை.

ஏன்? இதோடு இன்னொரு கேள்வியும் இருக்கு. டிவியில் இந்தத் தங்கத்தைப் பார்த்துவிட்டு, வடசென்னை கல்மண்டபத்துல ஒரு பிள்ளை "எனக்கும் ஸ்கேட்டிங் கத்துக்கணும்"னு கேட்டா, அதுக்கு வழி இருக்கா? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த ஆனந்த்குமார்?

பெய்டைஹேயில் தங்கம் வென்றபோது 22 வயது. கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். சின்ன வயதிலிருந்தே காலில் சக்கரம். இவருடைய சகோதரியும் ஸ்கேட்டிங் வீராங்கனைதான்.

முதல் பெரிய திருப்பம் 2021-ல். கொலம்பியாவின் இபாகே நகரில் நடந்த ஜூனியர் உலக சாம்பியன்ஷிப்பில், 15 கிலோமீட்டர் எலிமினேஷன் போட்டியில் வெள்ளி வென்றார். எலிமினேஷன் என்றால், குறிப்பிட்ட சுற்றுகளில் கடைசியாக வருபவர் வெளியே போய்க்கொண்டே இருக்கணும். கடைசிவரை தாக்குப்பிடிப்பவருக்குத்தான் பதக்கம். உலக சாம்பியன்ஷிப்பில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது.

2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில், 3000 மீட்டர் ரிலேவில் இந்திய ஆண்கள் அணி வெண்கலம் வென்றது. அந்த நால்வரில் ஆனந்த்குமாரும் ஒருவர். அதே நாளில் பெண்கள் ரிலே அணிக்கும் வெண்கலம் கிடைத்தது. அந்த அணியில் ஆரத்தி கஸ்தூரிராஜ், கார்த்திகா ஜெகதீஸ்வரன் என இரண்டு பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள்.

2025 ஆகஸ்டில், சீனாவின் செங்டு நகரில் நடந்த வேர்ல்டு கேம்ஸில் 1000 மீட்டர் ஸ்பிரின்ட்டில் வெண்கலம். அடுத்த மாதமே பெய்டைஹே. அங்கே 500 மீட்டரில் 43.072 விநாடியில் வெண்கலம். 1000 மீட்டரை 1 நிமிடம் 24.924 விநாடியில் முடித்துத் தங்கம். கணக்குப் போட்டால் சராசரி வேகம் மணிக்கு 42 கிலோமீட்டர். நகருக்குள் ஒரு பைக் போகும் வேகம். கடைசியாக 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம்.

ஸ்பிரின்ட்டில் ஜெயிக்கிறவரே மாரத்தானிலும் ஜெயிப்பது அபூர்வம். ஓட்டப்பந்தயத்தில் இதை நினைத்துப் பாருங்க, எவ்வளவு பெரிய விஷயம்னு புரியும்.

உலக சாம்பியனுக்கு ஒலிம்பிக்கில் ஏன் இடமில்லை?

காரணம் ரொம்ப சிம்பிள். ஒலிம்பிக்கில் இருக்கும் ஸ்பீடு ஸ்கேட்டிங், ஐஸ் மேல் பிளேடு கட்டிக்கொண்டு போவது. ஆனந்த்குமார் ஆடுவது, ஒரே வரிசையில் சக்கரம் மாட்டிய ஷூவோடு தடத்திலும் தார் சாலையிலும் போகும் இன்லைன் ஸ்பீடு ஸ்கேட்டிங்.

ஐஸ் ஸ்கேட்டிங்குக்கு ஒலிம்பிக்கில் நூறாண்டு வரலாறு உண்டு. 1924-ல் முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது, அதில் வழங்கப்பட்ட முதல் தங்கமே 500 மீட்டர் ஸ்பீடு ஸ்கேட்டிங்குக்குத்தான். சக்கர ஸ்கேட்டிங்குக்கு அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை. 2018-ல் புவனோஸ் ஐரிஸில் நடந்த இளையோர் ஒலிம்பிக்கில் ஒருமுறை எட்டிப் பார்த்ததோடு சரி.

இதுல ஒரு வேடிக்கையும் இருக்கு. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டிங் சேர்க்கப்பட்டது. அதை நிர்வகிக்கும் வேர்ல்டு ஸ்கேட் அமைப்புதான் ஆனந்த்குமாரின் விளையாட்டையும் நிர்வகிக்கிறது. அண்ணன் தம்பியில் ஒருத்தருக்கு மட்டும் பந்தியில் இலை போட்ட மாதிரி. டோக்கியோவுக்கான பரிசீலனைப் பட்டியலில் ரோலர் விளையாட்டுகளும் இருந்தன. கடைசியில் தேர்வாகவில்லை.

அப்போ சக்கரத்திலிருந்து ஐஸுக்கு மாறிடலாமே?

முடியும். உலகத்தில் பலர் மாறியிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஒகாலா என்று ஓர் ஊர். சென்னை மாதிரியே வெயில் ஊர். அங்கே ஒரு ரோலர் ஸ்கேட்டிங் கூடமும் நல்ல பயிற்சியாளரும் இருந்தார்கள். அந்த ஊரில் சக்கரத்தில் பழகிய எரின் ஜாக்சன், பிரிட்டனி போவ், ஜோயி மான்டியா ஆகிய மூவருமே பின்னாளில் ஐஸுக்கு மாறி, 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றார்கள்.

இதில் எரின் ஜாக்சனின் கதை தனி. இவரும் பொறியியல் படித்தவர். ஐஸில் முறையாகப் பயிற்சி தொடங்கியதே 2017-ல்தான். சில மாதங்களிலேயே 2018 ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றுவிட்டார். 2022 ஒலிம்பிக்குக்கான தேர்வுப் போட்டியில் கால் இடறியதால் 500 மீட்டருக்கான இடம் கைநழுவியது. அப்போது, தகுதி பெற்றிருந்த பிரிட்டனி போவ் தன் இடத்தை ஜாக்சனுக்கு விட்டுக்கொடுத்தார். ஜாக்சன் அந்த 500 மீட்டரை 37.04 விநாடியில் முடித்துத் தங்கம் வென்றார். குளிர்கால ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். பின்னர் கூடுதல் இடம் கிடைத்து, போவும் அதே போட்டியில் கலந்துகொண்டார்.

அதே ஒலிம்பிக்கில் மாஸ் ஸ்டார்ட் பிரிவில் தங்கம் வென்ற பெல்ஜியத்தின் பார்ட் ஸ்விங்ஸும் இன்லைனில் உலக சாம்பியனாக இருந்தவர்தான்.

எப்படி இது சாத்தியம்? உடம்பைத் தாழ்த்தி வைப்பது, தொடை பலம், வளைவில் ஒரு காலைத் தாண்டி மறுகாலை வைப்பது, முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றைத் தவிர்ப்பது... இதெல்லாம் இரண்டுக்கும் பொது. பிளேடு மேல் பேலன்ஸ் செய்வதையும், வழுக்கும் பரப்பில் உந்துவதையும்தான் புதிதாகப் பழகணும்.

இந்தியாவில் ஐஸ் எங்கே இருக்கு?

சிக்கல் இங்கதான். ஒலிம்பிக் ஸ்பீடு ஸ்கேட்டிங்குக்கு 400 மீட்டர் சுற்றளவுள்ள ஐஸ் தடம் வேணும். இந்தியாவில் அப்படி ஓர் உள்ளரங்கத் தடம் கிடையாது. டேராடூனில் ஹிமாத்ரி ஐஸ் அரங்கம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் அங்கே ஆசிய அளவிலான ஷார்ட் டிராக் போட்டி நடந்தது. ஆனால் அது சின்ன சுற்றுக்கான அரங்கம். லடாக்கிலும் சிம்லாவிலும் குளிர்காலத்தில் மட்டும்தான் இயற்கையான ஐஸ் கிடைக்கும்.

குஜராத்தில் ரோலர் ஸ்கேட்டிங்கில் தொடங்கிய விஷ்வராஜ் ஜடேஜா, ஐஸில் பயிற்சி எடுக்க நெதர்லாந்து வரை போனார். ஆசிய குளிர்கால விளையாட்டில் இந்தியாவுக்காகக் களமிறங்கினார். ஆனாலும் இந்தியாவிலிருந்து ஓர் ஐஸ் ஸ்பீடு ஸ்கேட்டர்கூட இதுவரை ஒலிம்பிக்கில் ஓடியதில்லை.

ஒலிம்பிக்கில் இல்லைன்னா என்ன நஷ்டம்?

கௌரவம் மட்டும்னு நினைச்சா தப்பு. பணமும் அதோடுதான் வருது. வெளிநாட்டுப் பயிற்சி முதல் மாதாந்திர உதவித்தொகை வரை பார்த்துக்கொள்ளும் மத்திய அரசின் 'டாப்ஸ்' திட்டம், ஒலிம்பிக் மற்றும் பாராலிம்பிக்கில் பதக்க வாய்ப்புள்ளவர்களுக்கானது. ஒலிம்பிக்கில் இல்லாத விளையாட்டின் உலக சாம்பியன் அந்த வரிசையில் நிற்கவே முடியாது. ஸ்பான்சர்களும் பெரும்பாலும் ஒலிம்பிக் முத்திரையைத்தான் பார்க்கிறார்கள். மிச்சச் சுமை குடும்பத்தின் தலையில்.

கல்மண்டபத்துப் பிள்ளை ஸ்கேட்டர் ஆகணும்னா?

வடசென்னைக்கு விளையாட்டு புதுசு இல்லை. புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்றார். கேரமும் ஒலிம்பிக்கில் இல்லாத விளையாட்டுதான். ஆனாலும் தமிழ்நாடு அரசு அவருக்கு 1 கோடி ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது.

ஆனால் கேரமுக்கும் ஸ்கேட்டிங்குக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. இடம்! கேரம் போர்டின் ஆடும் பரப்பு 29 அங்குலம். ஒண்டுக்குடித்தனத்திலும் போட்டு ஆடலாம், தெருமுனை மன்றத்திலும் ஆடலாம். குத்துச்சண்டைக்கு ஒரு ஹால் போதும். ஸ்பீடு ஸ்கேட்டிங்குக்கு 200 மீட்டர் தடம் வேணும். ஒரு சின்னக் கல் சக்கரத்தில் மாட்டினாலும் ஆள் கீழே. அந்த அளவுக்குத் தரை வழவழன்னு இருக்கணும்.

கல்மண்டபத்தைச் சுற்றி என்ன இருக்கு? ஒரு பக்கம் காசிமேடு மீன்பிடித் துறைமுகம், மறுபக்கம் நெருக்கமான தெருக்களும் கடைவீதியும். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். அந்த ரோட்டில் சைக்கிள் ஓட்ட அனுப்பவே பெற்றோர் பயப்படுவாங்க.

அடுத்தது செலவு. பழகுவதற்கான ஷூ சில ஆயிரத்தில் கிடைக்கும். போட்டிக்குன்னு வந்துட்டா கார்பன் பூட், பிரேம், சக்கரம், பேரிங் எல்லாம் சேர்த்து லட்சத்தைத் தொடும். சக்கரம் தேயத் தேய மாத்தணும். வளரும் பிள்ளைக்குக் கால் அளவு மாறிக்கிட்டே இருக்கும், பூட்டும் மாறணும்.

என்ன வழி?

ஒலிம்பிக் கதவைப் பொறுத்தவரை ஒரு வாய்ப்பு இருக்கு. போட்டியை நடத்தும் நகரம் கூடுதல் விளையாட்டுகளைப் பரிந்துரைக்கலாம். 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் கிரிக்கெட்டும் ஸ்குவாஷும் அப்படித்தான் உள்ளே வந்தன. 2036 ஒலிம்பிக்கை நடத்த விருப்பம் தெரிவித்து 2024 அக்டோபரில் இந்தியா கடிதம் கொடுத்திருக்கிறது. அது கைகூடினால், இன்லைன் ஸ்கேட்டிங்கைப் பரிந்துரைக்கக் கேட்கலாம். ஆனால் அப்போது ஆனந்த்குமாருக்கு 33 வயது ஆகியிருக்கும்.

அதனால் அந்தக் கடிதத்துக்குப் பதில் வரட்டும்னு காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள்தான் இப்போது முக்கியம். ஐஸ் அரங்கம் கட்டப் பல கோடி வேணும், கரன்ட் பில்லும் தனி. ஆனால் ஒரு மாநகராட்சி மைதானத்தின் ஓரத்தில் 200 மீட்டருக்கு வழவழப்பான தரை, சுற்றிலும் தடுப்பு, மாலையில் விளக்கு, இலவசமாகக் கொடுத்து வாங்க இருபது ஜோடி ஷூ, ஒரு பயிற்சியாளர்... இதற்கு ஒலிம்பிக் கமிட்டியின் அனுமதி தேவையில்லை. ஒகாலாவில் ஐஸ் இல்லை. ஸ்கேட்டிங் கூடமும், பயிற்சியாளரும்தான் இருந்தார்கள்.

ஆனந்த்குமாரின் 2 தங்கத்தால் தமிழ்நாட்டுக்கு இப்போது உலக சாம்பியன் இருக்கிறார், பதக்கம் வென்ற அனுபவமுள்ள வீராங்கனைகளும் இருக்கிறார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் உண்டு. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் ஒரு தடம் வந்தால், கல்மண்டபத்துப் பிள்ளை நடந்தோ பஸ் பிடித்தோ பயிற்சிக்குப் போய்விடும்.