காயத்துக்குக் கைதட்டலாமா?

ஆடை வடிவமைப்பையும் வாசனைத் திரவியத்தையும் பற்றிப் பேச்செடுத்தால் நம்மிடையே இரு கட்சியினர் எழுகின்றனர். "எல்லாம் வெளிப்பகட்டு" என்று ஒரே சொல்லில் ஒதுக்குவோர் ஒரு சாரார். "படைப்பாளியின் துயரமே கலையாக மலர்கிறது; வேதனை இன்றிப் பெருங்கலை இல்லை" என்று மெய்சிலிர்ப்போர் மறு சாரார். முதல் கட்சியின் தவறு அறியாமை. இரண்டாம் கட்சியின் தவறோ கொடுமை. இரண்டையும் மறுக்க ஒருவரின் வாழ்வே போதும்.

அவர் ஆங்கிலேய ஆடை வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மெக்குயீன். 1969-இல் இலண்டனில், வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவரின் ஆறு பிள்ளைகளுள் கடைக்குட்டியாகப் பிறந்தவர். தந்தைவழி ஸ்காட்லாந்து வேர்களைத் தம் அடையாளமாகவே பற்றிக்கொண்டவர். 1995-இல் அவர் நடத்திய ஆடைக் காட்சியில் பெண்கள் கிழிந்த உடைகளுடன் மேடையில் நடந்தனர். பெண்மையை இழிவுபடுத்துகிறார் என்று விமர்சகர்கள் சாடினர். தாம் காட்டியது ஸ்காட்லாந்துக்கு இங்கிலாந்து இழைத்த கொடுமையையே என்று அவர் விடையளித்தார். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் அந்நாட்டு மலைவாழ் மக்கள் தம் நிலங்களிலிருந்து விரட்டப்பட்ட வரலாறு அவர் நெஞ்சில் கனன்றது. அக்காட்சியை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. ஆனால் ஒரு மக்களின் காயத்தைத் துணியில் எழுதியவரைப் பகட்டுக்காரர் என்று தள்ளுவது நேர்மையாகுமா?

நறுமணத்திலும் அவர் பொய் பேசவில்லை. 2003-இல் அவர் பெயரில் வெளிவந்த 'கிங்டம்' என்னும் வாசனைத் திரவியத்தில் சீரக வாடை தூக்கலாக இருந்தது. ஆம், நம் அடுக்களைச் சீரகமேதான். மலர் மணங்களோடு சேரும்போது அது மனித வியர்வையை நினைவூட்டும் என்பது மணம் கூட்டுவோர் அறிந்த செய்தி. உடலின் வாடையை மறைக்கவே மக்கள் வாசனை பூசுகின்றனர். இதுவோ மறைக்க மறுத்தது. பலர் முகம் சுளித்தனர். பின்னர் அதன் உற்பத்தியே நின்றுபோனது.

1992-இல் மாணவராக அவர் படைத்த ஆடைத் தொகுப்பு முழுவதையும் விலைக்கு வாங்கி அவரை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் இசபெல்லா புளோ என்னும் அம்மையார். நெடுநாள் மனச்சோர்வுற்றிருந்த அவர், 2007 மே மாதம் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவ்வாண்டு அக்டோபரில் அவர் நினைவாகப் பாரிசில் நிகழ்ந்த காட்சியில், அவர் விரும்பிப் பூசிய 'ஃபிராக்கா' என்னும் சம்பங்கி மணத்தை அரங்கில் கமழச் செய்தார் மெக்குயீன். மறைந்த தோழிக்கு அவர் பாடிய இரங்கற்பா அது.

இங்கேதான் இரண்டாம் கட்சியினர் குறுக்கிடுவர்: "பார்த்தீர்களா? துயரம் தந்த கொடையன்றோ இக்கலை!"

இல்லை. 16 வயதில் பள்ளியை விட்ட அச்சிறுவன், இலண்டன் சாவில் ரோ வீதியின் ஆண்டர்சன் அண்டு ஷெப்பர்டு தையலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தான். கோட்டு தைக்கக் கற்றான். பின்னர் நாடக உடை தயாரிப்போரிடம் உழைத்தான். துயருற்றோர் உலகில் கோடிக்கணக்கானோர் இருக்க, அவர்களெல்லாம் மெக்குயீன் ஆகிவிடவில்லையே! துயரம் அவருக்குச் சொல்வதற்குப் பொருள் தந்திருக்கலாம். சொல்லும் ஆற்றலைத் தந்தவை ஊசியும் கத்தரியும், ஆண்டுக்கணக்கான உழைப்புமே.

துயரம் தந்தது வேறொன்று. 2010 பிப்ரவரி 2 அன்று அவருடைய தாயார் இறந்தார். நல்லடக்கத்துக்கு முந்தைய நாளான பிப்ரவரி 11 அன்று, 40 வயதில், அவரும் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பதற்ற நோயும் மனச்சோர்வும் அவரை வாட்டியது மரண விசாரணையில் வெளியாயிற்று. வேலையின் நெருக்கடி அவரை வருத்தியது. ஆயினும் தாம் எதையேனும் சாதித்ததாக அவர் உணர்ந்த ஒரே இடமும் அவ்வேலையே என்று மனநல மருத்துவர் சாட்சியம் அளித்தார். அந்த ஒரு கூற்று போதும், வேதனையைப் போற்றுவோர் வெட்கித் தலைகுனிய! உலகம் கைதட்டியது அவருடைய படைப்புக்கு. அந்தக் கைதட்டலை விட்டால் தமக்கு மதிப்பில்லை என்று எண்ணும் நிலைக்கு அம்மனிதர் தள்ளப்பட்டிருந்தார்.

மறு ஆண்டே நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் அவர் ஆடைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 6,60,000-க்கும் மேற்பட்டோர் திரண்டனர். 2016-இல் அவர் பெயரில் புதிய வாசனைத் திரவியம் ஒன்றும் வந்தது. அதில் வியர்வையை நினைவூட்டும் சீரகம் முன்னிற்கவில்லை. மல்லிகையும் சம்பங்கியும் மணந்தன. வணிகம் தொடர்ந்தது, மனிதர்தாம் இல்லை.

"நோய் தீர்ந்தால் கலையும் போய்விடும்" என்று நம்பி மருந்தை மறுக்கும் இளைஞர் இன்றும் உண்டு. அந்நம்பிக்கையை அவர்களிடம் விதைத்தவர்கள் யார்? காயத்துக்குக் கைதட்டிய நாமே அல்லவா?

வாசகர்களே, உங்கள் இல்லத்துப் பிள்ளை விந்தையாய் உடுத்தி நின்றால் எள்ளி நகையாடாதீர்கள். அதில் ஒரு செய்தி இருக்கலாம். அச்செய்தி துயரமாக இருப்பின், அதன் அழகை வியந்து நின்றுவிடாதீர்கள். அருகில் அமருங்கள், கேளுங்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவன் ஆடை ஒன்றும் தைக்காவிட்டாலும், அவன் நமக்கு வேண்டியவனே என்பதை அவன் உயிரோடு இருக்கும்போதே அவன் காதில் சொல்லுங்கள்.