அக்கா படித்த இயற்கணிதம்

சென்ற திங்கள் நம் சங்கக் கூட்டத்தில் வரலாறு பயிலும் நண்பர் ஒருவர் சூடாகப் பேசினார். "வாழ்க்கையில் ஒரு நாளும் பயன்படாத எக்ஸையும் ஒய்யையும் எல்லார் தலையிலும் ஏன் கட்ட வேண்டும்? அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகளே அதைக் கைவிட்டு வருகின்றன" என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. நானும் பாதி தட்டினேன். மீதியை நிறுத்திக் கொண்டதற்குக் காரணம் உண்டு. அன்று நேரமில்லாமையால் சொல்ல இயலாததை இங்கே எழுத ஆசிரியர் இடம் தந்திருக்கிறார்.

சமுதாயக் கல்லூரி என்றால் நம்மில் பலருக்குத் தொழிற்பயிற்சி நிலையம்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அது வேறு. 1901இல் இலினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் தொடங்கிய ஈராண்டுக் கல்லூரியின் வழியில் வளர்ந்தவை அவை. கலிபோர்னியாவில் மட்டும் 116 உண்டு. சேர்வதற்குப் பள்ளி மதிப்பெண் பார்ப்பதில்லை, வயது கேட்பதில்லை. மாநிலத்தில் குடியிருப்போர்க்கு ஓர் அலகுக்கு 46 டாலர் கட்டணம். ஈராண்டு படித்துப் பட்டம் பெறலாம். அங்கிருந்து பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கும் மாறலாம். ஏழைக்கும், வந்தேறிக்கும், படிப்பைப் பாதியில் விட்டவருக்கும் இதைவிட அகலமான வாசல் அந்நாட்டில் இல்லை.

அந்த வாசலுக்குள்ளே ஒரு படிக்கட்டு இருந்தது. புதிதாக வருகிறவரைக் கணிப்பொறியின் முன் உட்கார வைத்து ஒரு தேர்வு நடத்துவார்கள். விடைகளுக்கேற்ப எண்கணிதம், முன் இயற்கணிதம், தொடக்க இயற்கணிதம், இடைநிலை இயற்கணிதம் என ஏதேனும் ஒரு படியில் நிறுத்துவார்கள். அவற்றையெல்லாம் ஏறிய பின்புதான் பல்கலைக்கழகம் ஏற்கும் கணிதப் பாடம். கலிபோர்னியாவில் 2009 முதல் ஈராண்டுப் பட்டத்துக்கே இடைநிலை இயற்கணிதம் வேண்டும் என்றும் வைத்தார்கள்.

என் பெரியம்மா மகள் இந்தப் படிக்கட்டில் ஏறியவர். ஊரில் தமிழ் இலக்கியம் படித்துப் பட்டம் பெற்றவர். பத்தாம் வகுப்போடு கணிதத்துக்கு ஒரு கும்பிடு போட்டவர். அத்தானின் வேலையால் கலிபோர்னியாவுக்குப் போனார். குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் செவிலியர் படிப்பில் சேர எண்ணினார். கணிப்பொறி அவரைத் தொடக்க இயற்கணிதத்தில் நிறுத்திற்று. அதை முடித்து, 2018 ஆகஸ்டில் இடைநிலை இயற்கணிதத்தில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று.

நான் பதினொன்றாம் வகுப்பில் இருந்தேன். அவ்வாண்டுதான் தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்புக்குப் புதிய பாடநூல் வந்தது. அதன் இரண்டாம் பாடம் அடிப்படை இயற்கணிதம். இருபடிக் கோவை, அசமன்பாடு, படிமூலம், மடக்கை. அக்காவின் பாடத்திட்டத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன்; ஏறக்குறைய அதே வரிசை! எங்கள் காலை ஆறரை மணி அவருக்கு முந்தைய நாள் மாலை ஆறு. பள்ளிக்குப் புறப்படுமுன் அரை மணி நேரம் தொலைபேசியில் கணக்குப் போடுவோம். நான் அவருக்குக் கற்பித்தேன் என்று சொல்லமாட்டேன். முந்தைய நாள் எனக்கே விளங்காததை அவரிடம் சொல்லிப் பார்த்து விளங்கிக் கொண்டதுதான் மிகுதி.

ஒரு நாள் கேட்டார்: "தம்பி, நர்சுக்கு எதுக்குடா இந்த ரூட்டெல்லாம்? மருந்தளவு கணக்கு விகிதந்தானே? அது எனக்கு வருமே." எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றும் முழுப் பதில் தெரியாது. நண்பரின் பேச்சுக்குப் பாதி கைதட்டியது அதனால்தான்.

இன்னொரு காரணம் எளிய கணக்கு. ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு எழுபது பேர் தேறுவதாக வைத்துக்கொள்வோம். எழுபது என்பது நல்ல தேர்ச்சிதானே? முதற்படியில் 70, இரண்டாம் படியில் 49, மூன்றாவதில் 34, நான்காவதில் 24. எந்த ஆசிரியரும் தவறு செய்யாமலே நூறு பேரில் எழுபத்தாறு பேர் உதிர்ந்துவிடுகிறார்கள். தேறியும் அடுத்த பருவத்துக்குத் திரும்பி வராதவரை நான் கணக்கில் சேர்க்கவில்லை. 2013இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் மூன்று சமுதாயக் கல்லூரிகளில் ஒரு சோதனை நடத்தினார்கள். தொடக்க இயற்கணிதம் படிக்க வேண்டியவர் என்று குறிக்கப்பட்டவரைச் சீட்டுக் குலுக்குவது போல் பிரித்து, ஒரு பகுதியினரை அப்பாடத்திலும் இன்னொரு பகுதியினரைத் துணை வகுப்புடன் நேரே கல்லூரிப் புள்ளியியலிலும் சேர்த்தார்கள். முன்னவரில் நூற்றுக்கு 39 பேர் தேறினர்; புள்ளியியலில் 56. தகுதியில்லை என்று கீழே நிறுத்தப்பட்டவர்கள் மேலே நன்றாகவே தேறினார்கள்.

கலிபோர்னியா 2017இல் சட்டம் இயற்றியது. தேர்வு வைத்துக் கீழ்ப்படியில் தள்ளும் வழக்கம் 2019க்குள் பெரும்பாலும் ஒழிந்தது. ஓராண்டுக்குள் பல்கலைக்கழகக் கணிதத்தை முடிப்போர் தொகை பெரிதும் உயர்ந்தது. 2022இல் இன்னொரு சட்டம் பிடியை மேலும் இறுக்கிற்று. இடைநிலை இயற்கணிதம் பல கல்லூரிகளின் கால அட்டவணையில் சுருங்கியது, சிலவற்றில் மறைந்தது.

இங்கேதான் நான் நண்பரை விட்டுப் பிரிகிறேன். கட்டாயத்தை ஒழித்தது நன்று. வகுப்பையே ஒழிப்பது எப்படி நன்றாகும்? "வகுப்பு இருந்தால் ஏழைகளையும் கறுப்பினத்தவரையும் மீண்டும் அதற்குள் தள்ளிவிடுவார்கள்" என்பது சட்டத்தை ஆதரிப்போர் அச்சம். பொய்யான அச்சமல்ல, தள்ளியது வரலாறு. அப்படியானால் தள்ளுகிற கையைத் தடுக்கட்டும். தானாக வந்து கேட்பவருக்கு ஏன் இல்லை என்று சொல்ல வேண்டும்?

இயற்கணிதம் எல்லார்க்கும் வேண்டியதா என்று 2012இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் கேட்டவர் ஆண்ட்ரூ ஹாக்கர் என்னும் அரசியல் பேராசிரியர். நம் நண்பரின் வாதமெல்லாம் அதில் உண்டு. எனக்கு அவரைவிடப் பாப் மோசஸைத்தான் பிடிக்கும். 1960களில் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிய அடி வாங்கியவர் அவர். 1982இல் இயற்கணிதத் திட்டம் என்று ஓர் இயக்கம் தொடங்கி, 2021இல் இறக்கும் வரை நடத்தினார். வாக்குரிமை போலவே இயற்கணிதமும் ஏழைப் பிள்ளையின் உரிமை என்பது அவர் கொள்கை. உரிமை என்று அவர் சொன்னதை நிபந்தனையாக்கியது ஒரு தவறு. நிபந்தனையை நீக்கும்போது உரிமையையும் சேர்த்து எடுப்பது இன்னொன்று.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2020ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து பத்தாம் வகுப்புக் கணிதத்தை எளிய தாள், வழக்கமான தாள் என இரண்டாக்கியது. தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்பிலேயே பிரிவு பிரித்துவிடுகிறோம். பதினைந்து வயதில் கணிதம் வேண்டாம் என்றவன் முப்பது வயதில் வேண்டும் என்றால் எங்கே போவான்? திறந்தநிலைப் பள்ளியில் பதிந்து தேர்வெழுதலாம். கரும்பலகையும், கேலி செய்யாத ஓர் ஆசிரியரும், தன்னையொத்த வயதினர் பத்துப் பேரும் உள்ள மாலை வகுப்பு நம் ஊர்களில் எத்தனை? விருப்பமில்லாதவரை விடுவிப்பது பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். திரும்பி வருகிறவரைப் பற்றி அன்று கூட்டத்தில் ஒருவரும் பேசவில்லை.

அக்கா அந்தப் பாடத்தில் தேறினார். செவிலியரும் ஆனார். இரத்தத்தில் மருந்து பாதி, பாதியாகக் குறைவதைப் பற்றிய பாடம் வந்தபோது வகுப்பில் சிலர் மிரண்டார்களாம். "எனக்கு அந்தக் கணக்குத் தேவைப்படவே இல்லடா. ஆனா பயம் இல்லை" என்றார். இதை என் கட்சிக்குச் சான்றாகக் கொள்வதா, நண்பரின் கட்சிக்கா என்று இன்னும் தெரியவில்லை.

அவருடைய அடுத்த வீட்டில் மெக்சிகோ நாட்டு அம்மையார் ஒருவர் இருக்கிறார். வயது நாற்பத்தைந்து இருக்கும். சென்ற ஆண்டு அதே கல்லூரிக்குப் போய் அந்த வகுப்பைக் கேட்டாராம். அது இப்போது இல்லை, புள்ளியியலில் சேருங்கள், துணை வகுப்பும் தருகிறோம் என்று அன்பாகவே சொன்னார்களாம். அவர் கேட்டது பட்டத்துக்காக அல்ல. மகனுடைய பாடம் தமக்கு விளங்க வேண்டும் என்பதற்காக. இப்போது ஞாயிறுதோறும் மாலையில் அக்கா வீட்டுச் சமையலறை மேசையில் இருவரும் உட்காருகிறார்கள். அக்காவின் பழைய நோட்டுப் புத்தகம்தான் பாடநூல். சிக்கல் வந்தால் இங்கே திங்கட்கிழமை காலையில் விடுதியில் என் தொலைபேசி மணி அடிக்கும். போன வாரம் அடித்தது மடக்கைக்காக.