70 லட்சம் வீடும் 70 லட்சம் ரொக்கமும் ஒண்ணு இல்லீங்க

விவாகரத்துல ஜீவனாம்சம் எவ்வளவுன்னு பேசி முடிக்கவே மாசக்கணக்கா ஆகுது. அதை எப்படி வாங்குறதுன்னு கடைசி நாள்தான் பேசுறாங்க. ஆனா வரி அதை வச்சுத்தான் மாறுது.

மொத்தமா ஒரே தொகையா வாங்கினா அது மூலதன வரவு, வரி இல்லை. மாசாமாசம் வாங்கினா வருமானம். 1983-ல பம்பாய் உயர் நீதிமன்றம் மகேஸ்வரி தேவி வழக்கில் சொன்னதைத்தான் இன்னைக்கும் ஆதாரமா காட்டுறாங்க.

இந்த மாசத் தொகை விஷயம் எனக்கு நியாயமா படலை. கொடுக்கிறவர் வரி போக மிச்சமிருக்கிற சம்பளத்துல இருந்துதான் கொடுக்கிறார், அவருக்குக் கழிவு எதுவும் கிடையாது. அதே பணம் வாங்குறவர் கையில மறுபடியும் வருமானம். வேற வருமானமே இல்லாத பெண்ணுக்கு இது பெரிசா உறைக்காது. புதிய முறையில 12 லட்சம் வரைக்கும் வரி வராதே. வேலைக்குப் போற பெண்ணுக்குத்தான் அடி. வருஷம் 14 லட்சம் சம்பளம், கூட மாசம் 20,000 ஜீவனாம்சம்னா, அந்த 2.4 லட்சத்துக்கு 15%, அதாவது 36,000 ரூபாய். செஸ் தனி.

சரி, வீடா வாங்கிக்கலாமா? 2016-ல கணவர் 30 லட்சத்துக்கு வாங்கின ஃபிளாட், இன்னைக்கு 70 லட்சம் போகுதுன்னு வச்சுக்குவோம். தான செட்டில்மென்ட்டா எழுதிக் கொடுத்தா அப்போ வரி இல்லை. ஆனா அவரோட பழைய 30 லட்சம் விலையும் பத்திரத்தோட சேர்ந்தே வருது. நாளைக்கு நீங்க 70-க்கு வித்தா, 40 லட்சம் லாபம் உங்க கணக்குல. 12.5% போட்டா 5 லட்சம் வரி. வேற வீடு வாங்கி விலக்கு கேட்கலாம்தான், ஆனா காசு வேணும்னுதானே விக்கிறீங்க?

பத்திரப்பதிவை தீர்ப்புக்கு முன்னாடியே முடிக்கப் பாருங்க. கணவன் மனைவியா இருக்கும்போது கொடுத்தா உறவினர் பரிசு, கேள்வி இல்லை. தீர்ப்புக்கு அப்புறம் சட்டப்படி நீங்க உறவினர் இல்லை. 50,000-க்கு மேல வாங்கினதுக்கு வரி ஏன் கட்டலைன்னு நோட்டீஸ் வர வாய்ப்பிருக்கு.

என்னைக் கேட்டா, கொஞ்சம் குறைச்சுக்கிட்டாவது மொத்தத் தொகையா வாங்குறது நல்லது. மாசத் தொகைன்னா, அவருக்கு வேலை போனா குறைக்கச் சொல்லி மனு போடலாம். மொத்தத் தொகையை எஃப்டில போட்டா அந்த வட்டிக்கு வரி உண்டு, அதையும் கணக்குல வச்சுக்கோங்க. ஒப்பந்தத்துல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி, வக்கீலோட சேர்த்து ஒரு ஆடிட்டர்கிட்டயும் அந்தக் காகிதத்தைக் காட்டிடுங்க.