ஆறும் வழியும்: தேம்ஸ் நதியில் ஒரு குடிநீர்க் குழாய்

'ஆறு' என்னும் சொல்லுக்கு நதி என்றும் வழி என்றும் இரு பொருள் உண்டு. ஆற்றுப்படையில் வரும் ஆறு வழியையே குறிக்கிறது என்று ஆண்டுதோறும் வகுப்பறையில் சொல்லிக்கொடுக்கிறோம்; மாணவர்களும் எழுதிக்கொள்கிறார்கள். அவ்விரு பொருளும் ஒன்றாகவே நிற்கும் இடம் ஒன்றைக் காட்டச் சொன்னால், இங்கிலாந்தின் தேம்ஸ் நதியிலுள்ள லாக்குகளைத்தான் நான் காட்டுவேன்.

லாக் என்பது தடுப்பணையின் பக்கத்தில் கட்டப்பட்ட நீர்த்தொட்டி. இருபுறமும் கதவுகள். படகு உள்ளே வந்ததும் பின்கதவை அடைத்து, நீரை நிரப்பியோ வடித்தோ மட்டத்தைச் சமன்செய்து, முன்கதவைத் திறந்துவிடுவார்கள். பக்கிங்காம் கால்வாயின் வழியே இச்சொல் நமக்கும் பழக்கமானதுதான். சென்னையில் அக்கால்வாயோரம் லாக் நகர் என்றே ஒரு குடியிருப்பு இருக்கிறது. தேம்ஸில், லெச்லேடு அருகிலுள்ள செயின்ட் ஜான்ஸ் லாக்கில் தொடங்கி, கடலின் ஏற்றவற்றம் எட்டும் டெடிங்டன் வரை 44 லாக்குகள் உள்ளன.

இவை எளிதில் வந்தவையல்ல. ஆற்றை மறித்தவர்கள் ஆலைக்காரர்களும் மீன்பிடிப்போரும். 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா சாசனத்திலேயே, தேம்ஸில் உள்ள மீன்தடுப்புகளை அகற்றவேண்டும் என்று ஒரு பிரிவு இடம்பெற்றது. அதன் பின்னரும் படகோட்டிகள் ஆலைக்காரரின் தயவை எதிர்பார்த்தே காத்துக்கிடந்தார்கள். அணையில் ஓர் இடைவெளியைத் திறந்துவிட்டால் பாய்ச்சலோடு படகு இறங்கும். எதிர்த்து ஏறும் படகைக் கயிறு கட்டி இழுக்கவேண்டும். கதவுகள் கொண்ட முதல் லாக்குகள் 1630களில்தான் ஆக்ஸ்போர்டு அருகே வந்தன. தேம்ஸ் நீரோடும் இடமெங்கும் படகில் போகவும் வரவும் எவருக்கும் உரிமை உண்டு என்பதை 1885ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்தில் உறுதிசெய்தது.

உரிமை கிடைத்துவிட்டது. ஆனால் வழிச்செல்வோனுக்கு உரிமை மட்டும் போதுமா? அவனுக்குத் தாகம் எடுக்கும். இன்று இந்த லாக்குகள் பலவற்றில் குடிநீர்க் குழாய் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, படகின் கழிவுத்தொட்டியை உறிஞ்சி வெளியேற்றும் பொறியும் சிலவற்றில் உண்டு. எந்த லாக்கில் எது கிடைக்கும் என்பதைப் படகோட்டிகளுக்கான கையேடுகள் வரிசையாகச் சொல்கின்றன. அவற்றைப் புரட்டும்போது எனக்குப் பெரும்பாணாற்றுப்படையே நினைவுக்கு வருகிறது. எவ்வூரில் எவ்வுணவு கிடைக்கும் என்று பாணனுக்கு வழிசொன்ன நூலல்லவா அது! புரவலன் மட்டும் மாறியிருக்கிறான்.

ஜெரோம் கே. ஜெரோம் 1889இல் வெளியிட்ட 'படகில் மூவர்' நாவலில் ஹாம்பிள்டன் லாக்கில் நடக்கும் ஒரு காட்சி உண்டு. குடிநீர் தீர்ந்துபோனவர்கள் லாக் காவலரின் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். வேண்டுமளவு எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார் முதியவர். எங்கே என்று கேட்டால், ஆற்றைக் கைகாட்டுகிறார். தாம் பல்லாண்டுகளாய்க் குடிப்பதும் அதுவே என்கிறார். வாசகர்கள் சிரித்துவிட்டுக் கடந்துபோகும் பக்கம் இது. நகரங்களின் கழிவெல்லாம் ஆற்றில் இறங்கிய காலம் அது என்பதை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடும். குழாய் வராத காலத்து லாக்கின் சித்திரம் இதைவிடத் துல்லியமாக எங்கும் பதிவாகவில்லை என்பது என் எண்ணம்.

பொழுதுபோக்குக்காகப் படகு விடுவோருக்குப் பொதுப்பணம் எதற்கு என்று கேட்பவர்கள் அங்கும் உண்டு. படகுகளுக்குப் பதிவுக் கட்டணம் வாங்குகிறார்கள். அது மட்டும் போதாது என்பதும் மெய்யே. ஆகவே செலவைக் குறைக்கும் யோசனை எழும்போதெல்லாம் முதலில் கண்ணில் படுவது காவலரும் அவர் குடியிருக்கும் வீடும்தான். 2008இல் அவ்வீடுகளில் சிலவற்றை வேறு பயனுக்கு விட்டுவிடும் பேச்சு எழுந்தபோது படகோட்டிகள் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. காவலர் கதவு திறப்பவர் மட்டுமல்லர். பக்கத்துத் தடுப்பணையின் மடைகளை ஏற்றி இறக்குபவரும் அவரே. நள்ளிரவில் வெள்ளம் வந்தால் அவர் அருகில் இருந்தாகவேண்டும். காவலர் இல்லாத நேரத்தில் படகோட்டியே கதவுகளை இயக்கிக்கொள்ளலாம் என்பது வசதிதான்; விழுந்தவனைத் தூக்கிவிட ஒரு கை அந்த வசதியில் அடங்காது.

என் வாதம் எளியது. ஆற்றை மறித்து அணை கட்டியது பொதுச்சமூகம். அதனால்தான் படகு நிற்க நேர்கிறது. நிறுத்தியவர் நின்றவனுக்குத் தண்ணீர் தருவது கருணையன்று, கடமை. பதிலுக்குப் படகோட்டியும் தன் கழிவை ஆற்றில் விடாமல் தொட்டியில் சுமந்துவந்து உரிய இடத்தில் ஒப்படைக்கிறான். இது இருதரப்பு உடன்படிக்கை.

இதைக் கரையிலிருப்போர் காப்பாற்றவில்லை என்பதுதான் வருத்தம். 2024 மார்ச்சில் லண்டனில் நடந்த ஆக்ஸ்போர்டு - கேம்பிரிட்ஜ் படகுப் போட்டியின்போது, நீரில் ஈ.கோலை கிருமிகள் மிகுந்திருந்ததால், வென்றவர்கள் வழக்கம்போல் ஆற்றில் குதித்துக் களிக்கவேண்டாம் என்று எச்சரிக்கப்பட்டார்கள். சிறு படகுக்காரன் தன் தொட்டியைப் பொறுப்போடு காலிசெய்யும் அதே நதியில், மழை பெருகினால் கழிவுநீர்க் குழாய்கள் தடையின்றித் திறந்துகொள்கின்றன. ஜெரோமின் முதியவர் இன்று கைகாட்டினாலும் அந்த நீரைக் குடிக்க முடியாது. வழியைக் காத்துவிட்டு நதியைக் கைவிட்டால், அந்தச் சொல்லில் பாதிப் பொருள்தான் மிஞ்சும்.