இறப்பைக் கூட்டினால் போதாது, பிரித்துக் காட்டுங்கள்



கொரோனாக் காலத்தில் இந்தியாவில் வழக்கத்தைவிடக் கூடுதலாக எத்தனை பேர் இறந்தார்கள் என்ற சச்சரவு இன்னும் ஓயவில்லை. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் சுமார் 47 லட்சம் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் மதிப்பிட்டது. அதே காலத்துக்கு அரசு சொன்ன கொரோனா இறப்புகள் சுமார் 4.8 லட்சம். கணக்கிட்ட முறையே தவறு என்றது மத்திய அரசு. தவறென்றால் அதைக் காட்டப் பதிவேடு வேண்டும். 2021இல் பதிவான இறப்புகளின் அறிக்கையோ 2025 மே மாதம்தான் வெளிவந்தது. முந்தைய ஆண்டின் 81 லட்சம் 1.02 கோடியாக உயர்ந்திருந்ததை அதில்தான் பார்த்தோம். வீட்டில் ஒருவர் இறந்தால் 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கும் அரசு, அந்தப் பதிவுகளைத் தொகுத்துச் சொல்ல மூன்று ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொள்வது என்ன நியாயம்?

இதே உலக சுகாதார நிறுவனம் ஜெர்மனிக்கு முதலில் 1.95 லட்சம் கூடுதல் இறப்பு என்று சொல்லிவிட்டு, பிறகு 1.22 லட்சமாகத் திருத்திக்கொண்டது. அந்நாட்டின் வாராந்திர இறப்பு எண்ணிக்கை வயதுவாரியாகப் பொதுவில் கிடந்ததால், வழக்கமாக எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்ற அடிப்படைக் கணக்கில் இருந்த பிழையை வெளியாட்களால் பிடிக்க முடிந்தது. மதிப்பீட்டை மறுக்க நாணயமான வழி அதுதான்.

இறப்புகளை வயது, பால் வாரியாகப் பிரிப்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் நாட்டு எடுத்துக்காட்டே போதும். தேசியக் குடும்பநல ஆய்வின் தரவைக் கொண்டு 2024 ஜூலையில் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் வந்த கட்டுரை, 2020இல் ஆண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு 2.1 ஆண்டும் பெண்களுடையது 3.1 ஆண்டும் குறைந்தன என்றது. கொரோனாவில் ஆண்கள்தானே இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் அதிகம் இறந்தார்கள் என்று சுகாதார அமைச்சகம் அதை நிராகரித்தது. ஆய்வு 14 மாநிலங்களின் குடும்பங்களை மட்டுமே எடுத்துக்கொண்டது என்ற ஆட்சேபம் சரியானதுதான். ஆனால் அந்த இரண்டுக்கு ஒன்று என்பது பெரும்பாலும் பரிசோதனைக்கும் மருத்துவமனைக்கும் போய்ச் சேர்ந்தவர்களின் கணக்கு. போகாமலே இறந்தவர்களைப் பற்றி அது எதுவும் சொல்லாது. 2020இல் பதிவான இறப்புகளில் ஆண்கள் 60.2 சதவீதம், பெண்கள் 39.8 சதவீதம். ஆண்களின் இறப்பு விகிதம் இயல்பாகவே சற்று அதிகம்தான். ஆனாலும் இத்தனை பெரிய இடைவெளிக்கு அது மட்டும் காரணமாக முடியாது. நிலமோ ஓய்வூதியமோ காப்பீடோ தன் பெயரில் இல்லாத பெண் இறந்தால், சான்றிதழ் வாங்கும் தேவையே பல குடும்பங்களுக்கு எழுவதில்லை. அந்தப் பெண்கள் எந்தக் கூட்டுத்தொகையிலும் இல்லை என்பதுதான் என் ஆற்றாமை.

வழக்கத்தைவிடக் கூடுதலான இறப்பெல்லாம் கொரோனா இறப்பு ஆகாது என்பார்கள். உண்மை. ஊரடங்கு ஆண்டான 2020இல் சாலை விபத்து இறப்புகள் 1.51 லட்சத்திலிருந்து 1.32 லட்சமாகக் குறைந்தன. அப்படித் தப்பியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். மொத்த எண்ணிக்கையில் இந்தக் குறைவு நோயால் வந்த கூடுதலை மறைத்துவிடும். வயது, பால் வாரியாகப் பிரித்தால் இரண்டும் தனித்தனியே தெரியும். பதிவு மேம்பட்டதால்தான் எண்ணிக்கை ஏறியது என்ற வாதத்தையும் அப்படியே சோதிக்கலாம். மேம்பாடு என்றால் உயர்வு எல்லா மாதங்களிலும் பரவியிருக்கும், விடுபட்டுவந்த பெண்களின் பங்கும் கூடியிருக்கும். நோய் என்றால் அது உச்சத்தில் இருந்த 2021 ஏப்ரல், மே மாதங்களில் குவிந்திருக்கும்.

இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் 2018 முதலான இறப்புகளை மாவட்டம், மாதம், வயது, பால் வாரியாக, பெயர் நீக்கி உடனே வெளியிட வேண்டும். இனி ஒவ்வொரு மாதக் கணக்கும் அடுத்த மூன்று மாதங்களுக்குள் வர வேண்டும். 2011க்குப் பிறகான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடியட்டும் என்று இதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. இறந்தவர்களை எண்ண அந்தக் கணக்கு தேவையில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்