விளக்கை அணைத்தால் மட்டும் போதுமா?



"அறையை விட்டு வெளியேறும் முன் விளக்கையும் காற்றாடியையும் அணைத்துவிடுங்கள்." நம் தமிழ்ப்பள்ளி வகுப்பறைகளில் அடிக்கடி காணும் வாசகம் இது. நல்ல பழக்கந்தான், ஐயமில்லை. மின்சிக்கனம் என்றாலே பேச்சுப் போட்டியிலும் கட்டுரையிலும் நம் மாணவர்கள் இதைத்தான் சொல்கின்றனர். நாம் கற்றுக்கொடுத்ததும் இவ்வளவுதானே!

ஆனால், குளிர்பதனப் பெட்டியை எந்தப் பிள்ளை அணைக்க முடியும்? அஃது இரவும் பகலும், பள்ளி விடுமுறையிலும் பெருநாளிலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அது எவ்வளவு மின்சாரத்தை விழுங்கும் என்பது தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுகிறது. கடையில் நாம் பணத்தைக் கொடுக்கும்போது, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கான மின்கட்டணத்தில் ஒரு பகுதிக்கும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறோம். ஆகவே, பிள்ளைகளின் ஒழுக்கம் மட்டும் போதாது. கருவிகளுக்கும் தரம் வேண்டும். அந்தத் தரத்தைச் சட்டத்தால் வகுத்து, காலந்தோறும் உயர்த்த வேண்டும் என்பதே என் கருத்து.

நம் நாட்டில் நடந்தது என்ன?

மலேசியாவில் 2013ஆம் ஆண்டு குறைந்தபட்ச எரிசக்தித் திறன் தரம் கட்டாயமாக்கப்பட்டது. குளிர்பதனப் பெட்டி, குளிரூட்டி, தொலைக்காட்சி, மின்விசிறி, விளக்கு ஆகிய ஐந்தும் முதலில் இதற்குள் வந்தன. பின்னர், சலவை இயந்திரம் போன்றவையும் சேர்க்கப்பட்டன. எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர முத்திரையை நாம் கடைகளில் பார்க்கிறோம். ஐந்து நட்சத்திரம் மிகச் சிறந்தது. இரண்டு நட்சத்திரத் தகுதியைக்கூட எட்டாத கருவியை விற்க முடியாது. அண்டை நாடான சிங்கப்பூர், குளிர்பதனப் பெட்டிக்கும் குளிரூட்டிக்கும் 2008இல் முத்திரையையும் 2011இல் குறைந்தபட்சத் தரத்தையும் கட்டாயமாக்கியது. நம் நாட்டின் எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் 2025 சனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது. பாதை சரியானதே. நடையில்தான் விரைவு வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரே கொள்ளளவுள்ள இரண்டு குளிர்பதனப் பெட்டிகள். ஒன்றன் முத்திரையில் ஆண்டுக்கு 450 அலகு என்றும் மற்றொன்றில் 300 அலகு என்றும் இருப்பதாகக் கொள்வோம். வேறுபாடு ஆண்டுக்கு 150 அலகு. பன்னிரண்டு ஆண்டுகளில் 1,800 அலகு. ஓர் அலகு 40 சென் என்று வைத்தால், 720 ரிங்கிட். கடையில் இருநூறு ரிங்கிட் மிச்சம் என்று மகிழ்ந்தவர் உண்மையில் ஐந்நூற்று இருபது ரிங்கிட்டை இழந்திருக்கிறார்.

கூரை விசிறியை எடுத்துக்கொள்ளுங்கள். 70 வாட் பழைய வகைக்கும் 30 வாட் நேர்மின் விசைப்பொறி வகைக்கும் 40 வாட் வேறுபாடு. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால், ஓராண்டில் ஏறக்குறைய 175 அலகு. வீட்டில் நான்கு விசிறிகள் இருந்தால் 700 அலகு! இரண்டும் ஏறத்தாழ ஒரே காற்றைத்தான் தருகின்றன.

ஏழைகளுக்குச் சுமையா?

"தரத்தை உயர்த்தினால் விலை ஏறும், ஏழை எங்கே போவான்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால், இன்று நடப்பது என்ன? கையில் பணமுள்ளவர் ஐந்து நட்சத்திரக் கருவியை வாங்கி, மாதந்தோறும் மிச்சப்படுத்துகிறார். இல்லாதவர் மலிவானதைத் தவணையில் வாங்கி, தவணையையும் கட்டி, கூடுதல் மின்கட்டணத்தையும் கட்டுகிறார். வாடகை வீட்டில் இருப்பவரின் நிலை இன்னும் மோசம். குளிரூட்டியைத் தேர்ந்தெடுப்பவர் வீட்டுக்காரர். கட்டணம் கட்டுபவரோ குடியிருப்பவர். வீட்டுக்காரர் ஏன் நல்லதை வாங்கப் போகிறார்? இங்கே விழிப்புணர்வுப் பரப்புரை பயன்படாது. கடையிலேயே மோசமான கருவி இல்லாமற்போவதுதான் வழி.

விலை ஏறியே தீரும் என்பதும் உண்மையன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1970களில் குளிர்பதனப் பெட்டிக்குத் தரம் வகுத்தது. பின்னர் அந்நாடு முழுமைக்கும் அது விரிந்தது. ஆர்தர் ரோசன்ஃபெல்டு என்னும் இயற்பியல் அறிஞர் இதற்காகப் பெரிதும் உழைத்தவர். 1970களின் நடுப்பகுதியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,800 அலகு இழுத்த பெட்டி, 2001ஆம் ஆண்டுத் தரத்திற்குப் பின் ஏறக்குறைய 500 அலகுக்கு இறங்கியது. இடைப்பட்ட காலத்தில் பெட்டியின் கொள்ளளவு கூடியது. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால், விலையும் குறைந்தது. கட்டாயம் வந்தபோது பொறியாளர்கள் வழி கண்டார்கள்.

செய்ய வேண்டியவை

முதலாவது, இரண்டு நட்சத்திரம் என்னும் அடித்தளத்தை முன்கூட்டியே அறிவித்து, படிப்படியாக உயர்த்த வேண்டும். ஐந்து நட்சத்திரத்தின் அளவுகோலும் தொழில்நுட்பத்தோடு சேர்ந்து உயர வேண்டும். எல்லாக் கருவியும் ஐந்து நட்சத்திரம் பெற்றுவிட்டால், முத்திரைக்குப் பொருளில்லை.

இரண்டாவது, 2011இல் தொடங்கிய ‘சேவ்’ போன்ற கழிவுத் திட்டங்கள் குறைந்த வருமானக் குடும்பங்களை முதலில் சென்றடைய வேண்டும். முந்திக்கொள்பவருக்கே சலுகை என்றால், இணையத்தில் விரைந்து பதிவுசெய்யத் தெரிந்தவரே பயன்பெறுவார்.

மூன்றாவது, வணிகக் கருவிகள். புதிய சட்டம் பெரும் பயனீட்டாளர்களை எரிசக்தி மேலாளரை நியமிக்கச் சொல்கிறது. ஆனால், நம்மவர் நடத்தும் வாழையிலை உணவகத்திற்கும் மளிகைக் கடைக்கும் மேலாளர் ஏது? அங்கே நாள் முழுதும் ஓடும் பானக் குளிர்பெட்டிக்கும் உறைபெட்டிக்கும் வீட்டுக் கருவிகளுக்குக் கிடைத்த அதே கவனம் கிடைக்க வேண்டும்.

நம் பங்கு

பள்ளிக்குக் குளிரூட்டியோ விசிறியோ நன்கொடையாக வருகின்றபோது, பெற்றோர் ஆசிரியர் சங்கம் நட்சத்திரத்தையும் கேட்டு வாங்கலாம். தானமாகக் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். ஆயினும், இந்த மாடு மாதந்தோறும் தீனி கேட்கும் மாடு! ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களைத் தங்கள் வீட்டு முத்திரைகளில் உள்ள எண்களை எழுதிவரச் சொல்லுங்கள். பெருக்கலும் கழித்தலும் பணமும் ஒரே பாடத்தில் அமைந்துவிடும். அந்தக் கணக்கைப் பிள்ளை வீட்டில் காட்டினால், அடுத்த முறை கடைக்குச் செல்லும் பெற்றோர் விலைச்சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் முத்திரையையும் படிப்பார்கள்.

விளக்கை அணைக்கும் பழக்கத்தைத் தொடர்ந்து கற்பிப்போம். அதனுடன், அணைக்க முடியாத கருவிகளுக்கு யார் பொறுப்பு என்று கேட்கவும் கற்பிப்போம்.