கட்ட வேண்டிய கயிறு எது?

நம் நாட்டு மக்கள் கயிறு கட்டிக்கொள்வதில் வெறுப்புள்ளவர்கள் அல்ல. பிறந்த குழந்தைக்கு இடுப்பில் அரைஞாண் கயிறு, காய்ச்சல் வந்தால் கையில் மந்திரித்த கயிறு, காவடி எடுத்தால் காப்பு, கண்ணேறு படாமலிருக்கக் காலில் கறுப்புக் கயிறு, இப்படியாகக் கட்டாத கயிறு பாக்கியில்லை. மோட்டார் கார் வாங்கிவிட்டாலோ, அந்த இரும்புக்கும் ஒரு கயிறு கட்டி, எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் கோத்துத் தொங்கவிடுகிறோம். பொதட்டூர்பேட்டையில் கார் வாங்குகிறவர் முதல் காரியமாகத் திருத்தணி மலைக்கு ஓட்டிக்கொண்டு போய்ப் பூசை போட்டு, நான்கு சக்கரத்திற்கும் நான்கு எலுமிச்சம்பழத்தை நசுக்கி, ஸ்டியரிங்கில் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு மலையை விட்டு இறங்குகிறார். அந்தப் பூசையின் யோக்கியதையைப் பற்றி இன்று நாம் பேச வரவில்லை. நாம் கேட்பதெல்லாம், அப்படி இறங்கி வருகிற காரில், உயிரைக் காப்பாற்றுவதற்கென்றே கணக்குப் பார்த்து நெய்து வைத்த கயிறு ஒன்று இருக்கின்றதே, அதை மாத்திரம் ஏன் கட்டிக்கொள்ளவில்லை என்பதுதான்.

இதற்கு முன்பெல்லாம் "பழக்கமில்லை", "சட்டை கசங்கும்" என்று பதில் சொல்வார்கள். இப்போது, மறுத்துப் பேச முடியாததுபோல் தோன்றுகிற ஒரு பதில் கிளம்பியிருக்கின்றது. அதாவது, "எனக்கு உடம்பு சரியில்லை, பெல்ட்டு ஆகாது" என்பதாகும். இருதயத்தில் கருவி வைத்தவர் நெஞ்சு அழுந்தும் என்கிறார். வயிற்றில் ஆபரேஷன் ஆனவர் தையல் பிரியும் என்கிறார். கர்ப்பிணிப் பெண் ஒன்றும் சொல்வதில்லை. அவளுக்காக மாமியாரும், நாத்தியும், எதிர்வீட்டுப் பாட்டியும், "பிள்ளைத்தாச்சி வயிற்றிலே கயிறு கட்டலாமா?" என்று சொல்லி விடுகிறார்கள். நோயாளியிடம் தர்க்கம் செய்வது மரியாதையல்ல என்று எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். ஆனால் நாம் தர்க்கம் செய்தே தீரவேண்டியிருக்கின்றது. ஏனென்றால், போவது அவர்களுடைய உயிர்.

முதலில் அடி எவ்வளவு என்பதைப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு புளிய மரத்தில் மோதி நின்றால், உள்ளே இருப்பவன் சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றடுக்கு மாடியின் மேலிருந்து கீழே விழும் வேகத்தோடு முன்னால் போய் மோதுகிறான். 80 கிலோமீட்டர் வேகமானால் அந்த உயரம் 25 மீட்டர் ஆகிவிடும். கார் நின்றுவிடும், அவன் நிற்கமாட்டான். நல்ல திடகாத்திரமுள்ளவனுக்கே இந்தக் கதியென்றால், இருதய நோயாளியும், எலும்பு தேய்ந்த கிழவரும், நிறைமாதக் கர்ப்பிணியும் மாத்திரம் மோதிப் பிழைப்பார்களா? நோய் இருக்கின்றது என்பது பட்டையைத் தள்ளிவிடுவதற்குக் காரணமா, அல்லது மற்றவரைவிட அதிக ஜாக்கிரதையாகப் பட்டையைப் போட்டுக்கொள்வதற்குக் காரணமா என்று வாசகர்களே யோசித்துப் பார்க்கட்டும்.

நிற்க. இந்தப் பட்டை எந்த ரிஷியும் தவமிருந்து பெற்றதல்ல. 1959-ல் ஸ்வீடன் தேசத்தில் வோல்வோ கம்பெனியின் இஞ்சினீயர் நீல்ஸ் பொலின் என்பவர் தோளுக்கும் இடுப்புக்குமாகச் சேர்த்து மூன்று இடத்தில் பிடிக்கும் பட்டையைச் செய்தார். அந்தக் கம்பெனி, தனக்கிருந்த உரிமையை வைத்துப் பணம் பறிக்காமல், எல்லா மோட்டார் கம்பெனிகளும் செய்துகொள்ளலாமென்று விட்டுவிட்டது. மந்திரத்தை மறைத்து வைத்துப் பிழைக்கிற நம் நாட்டில் இதைச் சொல்லிக்காட்ட வேண்டியது அவசியமாகும்.

அவர் கண்ட தத்துவம் மிகவும் எளிது. உடம்பில் கெட்டியான இடம் எலும்பு. அடியை வாங்க வேண்டியது இடுப்பெலும்பும், நெஞ்செலும்பும், தோளெலும்பும்தான். மிருதுவான வயிறும் கழுத்தும் அடி வாங்கக் கூடாது. ஆகையால் கீழ்ப்பட்டை தொடை முடிகிற இடத்தில் இடுப்பெலும்பை ஒட்டித் தாழ்வாக இருக்கவேண்டும். மேல்பட்டை கழுத்தை அறுக்காமல் தோளின் நடுவிலும் மார்பின் நடுவிலும் வரவேண்டும். பாவும் ஊடையும் அறிந்த நம் ஊர் நெசவாளத் தோழர்களுக்கு, நெய்த பட்டையின் பலத்தைப் பற்றி நாம் சொல்லத் தேவையில்லை. பட்டை பலமாயிருந்தால் மட்டும் போதாது, விழுகிற இடம் சரியாயிருக்கவேண்டும் என்பதுதான் சொல்ல வேண்டியது. இந்த ஒரு விஷயம் விளங்கிவிட்டால் நோயாளிகளின் சந்தேகங்களில் பெரும்பாலானவை தீர்ந்துவிடும்.

கர்ப்பிணியை எடுத்துக்கொள்வோம். கீழ்ப்பட்டை வயிற்றின்மேல் போகக்கூடாது; வயிற்றுக்கு அடியில் இடுப்பெலும்பின் மேல் போகவேண்டும். மேல்பட்டை இரண்டு மார்புக்கும் நடுவே வந்து, வயிற்றின் பக்கமாக ஒதுங்கி இறங்கவேண்டும். அப்படிப் போட்டால் வயிற்றில் கயிறு கட்டியதாகவே ஆகாது. போடாவிட்டால் வயிறு நேராக ஸ்டியரிங்கிலோ முன்னாசனத்திலோ போய் மோதும். அப்போது கருப்பையிலிருந்து நஞ்சு பிரிந்து பிள்ளை சாகும், தாயும் சாகக்கூடும். தாயைக் காப்பாற்றாமல் வயிற்றிலுள்ள பிள்ளையைக் காப்பாற்றும் வித்தை உலகத்தில் எங்கும் கிடையாது. வளைகாப்பிட்டுக் கை நிறைய வளையலை அடுக்கி, அடுத்த நிமிஷம் பட்டையில்லாமல் காரின் பின்னாசனத்தில் உட்காரவைத்துப் பிறந்தவீட்டுக்கு அனுப்புவதற்குப் பெயர் அன்பா? அவளுடைய உடம்பைப் பற்றி அவளையும் கேட்காமல், வைத்தியரையும் கேட்காமல், தெருவிலுள்ளவர்கள் தீர்ப்புச் சொல்வது எந்த நியாயம் என்று கேட்கின்றோம்.

அடுத்தபடியாக, இருதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டவர்கள். அந்தக் கருவி பெரும்பாலும் இடது மார்பின் மேல்பாகத்தில் வைக்கப்படுகிறது. நம் நாட்டுக் காரில் ஓட்டுகிறவர் வலதுபுறம் உட்காருவதால் அவருக்குப் பட்டை வலது தோளில்தான் வருகிறது. இடது தோளில் பட்டை வருவது பக்கத்தில் உட்காருகிறவருக்கு. ஆகவே, கருவி எந்தப் பக்கம், பட்டை எந்தத் தோள் என்று பார்த்து ஆசனத்தை மாற்றிக்கொண்டால் பாதிச் சங்கடம் தீர்ந்தது. அப்படியும் உறுத்தினால், வைத்தியரைக் கேட்டு மெல்லிய துணியை இடையில் வைத்துக்கொள்ளலாம். தலையணையைத் திணித்துப் பட்டையைத் தளர்த்திக்கொள்வது போட்டும் போடாததற்குச் சமானம். வயிற்றில் ஆபரேஷன் ஆனவருக்கும் இதே விதிதான். புண் ஆறாதவரை, வைத்தியர் சொல்லும் நாள்வரை, ஓட்டாமலிருப்பது. பிரயாணியாகப் போகவேண்டி வந்தால் பட்டை இடுப்பெலும்பில் நிற்கிறதா, தழும்பின்மேல் ஏறுகிறதா என்று பார்த்துப் போட்டுக்கொள்வது. தோளெலும்பு முறிந்து புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டவர், கட்டோடு தானே ஸ்டியரிங்கைப் பிடித்து நகரி வழியாகத் திரும்புவது வீரமல்ல, விபரீதம்.

இனி, ஏர்பேக் என்கிற காற்றுப்பையைப் பற்றியும் பயம் பலமாக இருக்கின்றது. "ஆஸ்துமாக்காரனுக்கு மூச்சு முட்டும்", "கண்ணாடி போட்டவன் கண் போய்விடும்" என்று சொல்லி, மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஒயரைப் பிடுங்கிவிடச் சொல்லுகிறவர்களும் உண்டு. இந்த விஷயம் அரட்டைக் கச்சேரியில் தீர்மானிக்கிற விஷயமல்ல. 1997 ஜூலையில் அமெரிக்காவில் அரசாங்கத்துப் போக்குவரத்துப் பாதுகாப்பு இலாகா கேட்டுக்கொண்டபடி வைத்தியர்கள் கூடி, எந்தெந்த நோய்க்குக் காற்றுப்பையை நிறுத்தலாமென்று நோய் நோயாக எடுத்து ஆராய்ந்தார்கள். பேஸ்மேக்கர், மார்வலி, ஆஸ்துமா, மூக்குக் கண்ணாடி, கண் ஆபரேஷன், முதுகு கழுத்து ஆபரேஷன், எலும்புத் தேய்வு, மூட்டுவாதம், முதுமை, கர்ப்பம், இவை ஒன்றும் காற்றுப்பையை நிறுத்தப் போதிய காரணமல்ல என்பதே அவர்கள் கண்ட முடிவு. உடலமைப்பினாலோ நோயினாலோ ஸ்டியரிங்கை விட்டுத் தள்ளி உட்காரவே முடியாதவர்களுக்குத்தான் அதைப் பற்றி யோசிக்கவேண்டும் என்றார்கள். நெஞ்செலும்புக்கும் ஸ்டியரிங் நடுவுக்கும் குறைந்தது 25 சென்டிமீட்டர், நம் கணக்கில் ஒரு சாணும் இரண்டு விரலும், இடைவெளி இருக்கவேண்டும். இதை அளந்து பார்ப்பதற்குக் காசு வேண்டாம். கை ஒன்றே போதும்.

காற்றுப்பை பட்டைக்குத் துணையே தவிர, பட்டைக்குப் பதிலல்ல. பட்டை போடாதவன் முன்னால் பாய்ந்து வருகிற சமயத்தில் பையும் கண்ணிமைக்கும் நேரத்திற்குள் அதிவேகமாக வெடித்து விரிவதால், காக்க வந்ததே காயப்படுத்திவிடும். அதுமாத்திரமல்ல. அந்தப் பையின் மூடியின்மேல் கல்லிலும் உலோகத்திலும் செய்த சாமி பொம்மைகளை ஒட்டிவைக்கிறோமே, பை விரிகிறபோது அவை எங்கே போகும்? வைத்தவன் முகத்துக்குத்தான் வரும். பக்தியுள்ளவர்கள்கூட அதை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளட்டும் என்பதே நமது வேண்டுகோள்.

இவ்வளவும் பட்டையினால் தீருகிற நோய்களைப் பற்றி. பட்டையினால் தீராத நோயும் உண்டு. காக்காய் வலிப்பு, திடீர் மயக்கம், சர்க்கரை இறங்கி நினைவு தப்புதல், இவற்றுக்கு எந்தப் பட்டையும் எந்தப் பையும் மருந்தல்ல. வைத்தியர் சரியென்று சொல்லும்வரை ஓட்டாமலிருப்பதுதான் மருந்து. லைசென்சுக்குக் கொடுக்கும் படிவம் 1-ல் வலிப்போ திடீர் மயக்கமோ உண்டா என்று கேட்கப்படுகிறது. தரகன் கைகாட்டிய இடத்தில் "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவன் அதிகாரியை ஏமாற்றவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு ரோட்டோரமாக நடந்து வருகிறவர்களின் உயிரோடு விளையாடுகிறான்.

"எமன் வந்தால் பெல்ட்டா தடுக்கும்?" என்று சிலர் கேட்பார்கள். அப்படியானால் ராத்திரி கதவுக்குத் தாழ்ப்பாள் எதற்கு? காய்ச்சலுக்கு ஊசி எதற்கு? 2022-ல் மட்டும் இந்தியாவில் ரோட்டு விபத்தில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் பட்டை போடாமல் மாண்டவர்கள் 16,715 பேர் என்று அரசாங்கமே கணக்குக் கொடுத்திருக்கிறது. முன்னாசனத்தில் உட்காருகிறவர் பட்டை போட்டால் சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறதென்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. எமன் பட்டையைப் பார்த்தா பாதிப்பேரை விட்டுவிட்டுப் போகிறான்? அதே 2022 செப்டம்பர் 4-ம் தேதி, டாட்டா சன்ஸ் கம்பெனியின் தலைவராயிருந்த சைரஸ் மிஸ்திரி மராட்டிய ராஜ்யத்தில் பால்கர் பக்கம் விபத்தில் இறந்தார். விலையுயர்ந்த கார், பணத்துக்குக் குறைவில்லை. பின்னாசனத்தில் பட்டையில்லாமல் இருந்த அவரும் மற்றொருவரும் இறந்தார்கள். முன்னாசனத்தில் இருந்த இருவரும் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். பணமும் காப்பாற்றவில்லை, பின்னாசனமும் காப்பாற்றவில்லை.

இவ்வளவுக்கும் மேலாக இன்னொரு வேடிக்கை. பட்டை போடாவிட்டால் கார் கத்துகிறது. அந்தச் சத்தத்தை அடக்குவதற்காக வெறும் கொக்கியை வாங்கிச் செருகிக்கொள்ளுகிறார்கள். இத்தகைய கொக்கிகளை விற்கக்கூடாதென்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாதத்தில் உத்தரவு போட்டு, இன்டர்நெட் கடைகளிலிருந்து 13,118 விற்பனை விளம்பரங்கள் எடுக்கப்பட்டன. 1960-ல் திருத்தணி தாலுக்கா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது முதல் எல்லைக்கு இந்தப்புறம் ஓர் அரசு, அந்தப்புறம் ஓர் அரசு; மோட்டார் சட்டமோ இரண்டு புறமும் ஒன்றே. பட்டை போடாதவனுக்கு 1000 ரூபாய் அபராதமென்று 2019-ல் திருத்திய சட்டத்தின் 194-பி பிரிவு சொல்லுகிறது. நம்மவர்களோ போலீசைக் கண்டால் பட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தாண்டியதும் விட்டுவிடுகிறார்கள். ஆயிரம் ரூபாய்க்கு இருக்கும் மரியாதை சொந்த உயிருக்கு இல்லையென்றால், சுயமரியாதை என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம்?

குற்றம் முழுவதும் ஜனங்கள்மேல் என்று நாம் சொல்லவில்லை. கருவி வைத்து அனுப்புகிற ஆஸ்பத்திரியும், பிரசவத்துக்குத் தேதி குறிக்கிற ஆஸ்பத்திரியும், மாத்திரை எழுதுகிற சீட்டிலேயே காரில் எப்படி உட்காருவது, பட்டையை எங்கே போடுவது, எத்தனை நாள் ஓட்டக்கூடாது என்று தமிழில் நான்கு வரி எழுதிக்கொடுத்தால் என்ன? வாடகைக் கார்க்காரர்கள் பின்னாசனப் பட்டையை உறைக்குள் புதைத்துவைப்பதை அதிகாரிகள் ஏன் பார்ப்பதில்லை? இவற்றைக் கேட்டு வாங்கவேண்டியது நமது உரிமையாகும். ஆனால் அவர்கள் எழுதிக் கொடுக்கும்வரை சாகவேண்டுமென்ற கட்டாயம் நமக்கு இல்லை.

ஆகவே தோழர்களே! வேலூருக்கோ சென்னைக்கோ வைத்தியத்துக்குப் போகும்போது வைத்தியரிடம் இந்தக் கேள்வியையும் கேளுங்கள்: "நான் கார் ஓட்டலாமா? ஓட்டினால், பட்டையை எப்படிப் போட்டுக்கொள்ளவேண்டும்?" போடலாமா என்று கேட்காதீர்கள், எப்படி என்று கேளுங்கள். பிறகு காரில் ஏறி, சாண் போட்டு அளந்து, ஆசனத்தைத் தள்ளி, பட்டையை எலும்பின்மேல் இழுத்து மாட்டுங்கள். வீட்டுப் பெண்களுக்கும் பின்னாசனத்தில் மாட்டிவிட்டுப் பிறகு வண்டியைக் கிளப்புங்கள். கையில் கட்டிய கயிற்றை அவிழ்ப்பதும் அவிழ்க்காததும் உங்கள் இஷ்டம். காரிலுள்ள கயிற்றை மாத்திரம் கட்டாமல் விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.